அரிஸ்டாட்டில், அக்குவினாஸ் பக்கம் புதிதாக வருகிறவர் எங்கே தொடங்குவது?

அரைக்கிணறு

ஒரு சங்கடத்தோடு வந்திருக்கிறேன். நண்பர் ஒருவர் "கிளாசிகல் ரியலிசம் படி, தலை தெளியும்" என்றார். நானும் தேடிப் பிடித்து, சர்வதேச அரசியல் எழுதிய மார்கெந்தா என்பவரின் புத்தகத்தில் போய்ச் சேர்ந்தேன். இருபது நாள் அதிகாரச் சமநிலை, பனிப்போர், வல்லரசு என்று மாங்குமாங்கென்று படித்துவிட்டு அந்த நண்பரிடம் சந்தேகம் கேட்டால், மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் சொன்னது பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்ற கிரேக்கர்கள், இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி தாமஸ் அக்குவினாஸ் வழியாக வரும் தத்துவமாம்.

சரி, போனது போகட்டும். நான் காமர்ஸ் படித்தவன், தத்துவம் சுத்தமாகத் தெரியாது. உலகம் நிஜம் என்று சொல்ல ஒரு 'வாதம்' எதற்கு? அது யாருக்குத் தெரியாது? அடுத்து, எந்த இடத்திலிருந்து தொடங்கினால் பாதியில் ஓடிப்போகாமல் இருப்பேன்?

கடைசிபெஞ்ச்

நீங்களாவது பரவாயில்லை. நான் ரியலிசம் என்றதும் வறுமையை உள்ளபடி எழுதுகிற நாவல் என்று நினைத்து உள்ளே வந்தேன். துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டேன், தொடருங்கள்.

திண்ணைவாசி

ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே தெருவில் இருந்தால் தபால் மாறத்தான் செய்யும். இலக்கியத்தில் ஒன்று, சர்வதேச அரசியலில் ஒன்று, தத்துவத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் நிஜம் என்பது யாருக்குத் தெரியாது என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிந்ததைத் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு அங்கிருந்து நடையைக் கட்டுவதுதான் இந்த மரபின் முதல் அடி. தெக்கார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1641ல் இதற்கு நேர் எதிராகச் செய்தார். சந்தேகிக்க முடிந்ததை எல்லாம் சந்தேகித்து, சந்தேகிக்கிற நான் இருக்கிறேன் என்பதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வெளியுலகத்துக்கு வழி தேடினார். இருபதாம் நூற்றாண்டில் எத்தியென் கில்சன் என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கும்: மனதுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பிக்கிறவர் கடைசியில் பொருளெல்லாம் மனதில்தான் என்ற பார்க்லியிலோ, பொருளை உள்ளபடி அறியவே முடியாது என்ற கான்ட்டிலோதான் போய் நிற்பார், பொருள்களுக்குத் திரும்ப மாட்டார். அதனால் கதவைச் சாத்தாதே, பொருளிலிருந்தே தொடங்கு. உலகம் இருக்கிறதா என்று முதலில் நிரூபி, அப்புறம் பேசு என்று கேட்கிறவரிடம் இவர்கள் 'நிரூபிக்க எதை வைத்துத் தொடங்கச் சொல்கிறீர்கள்' என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆனால் உண்மையான சண்டை இங்கே இல்லை. பொருள்கள் நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் இருக்கின்றன என்பதில் நிறையப் பேர் ஒத்துப்போவார்கள். சண்டை அடுத்த படியில். உங்கள் தெருவில் இரண்டு வேப்பமரம் நிற்கிறது. இரண்டும் வேறு வேறு மரம். ஒன்றை வெட்டினால் மற்றது சாகாது. ஆனால் இரண்டையும் 'வேம்பு' என்கிறோம். அந்த 'வேம்பு' என்பது எங்கே இருக்கிறது? பிளேட்டோ சொன்னார், அது இந்த மரங்களுக்கு அப்பால் தனியாக, அழியாமல் இருக்கிறது, இந்த மரங்கள் அதில் பங்கு பெறுகின்றன. அரிஸ்டாட்டில் சொன்னார், அது இந்த மரங்களுக்குள்ளேயேதான் இருக்கிறது, மனம்தான் அதைப் பிரித்தெடுத்துப் பொதுவாகப் பார்க்கிறது. பெயரளவுவாதிகள் சொன்னார்கள், இருப்பது இந்த மரமும் அந்த மரமும்தான், 'வேம்பு' என்பது நாம் போட்டுக்கொண்ட பெயர். உங்கள் நண்பர் சொன்ன கிளாசிகல் ரியலிசம், தமிழில் செவ்வியல் மெய்ம்மைவாதம், என்றால் பெரும்பாலும் அந்த நடுக்கட்சி. வகைகள் நிஜம், ஆனால் அவை ஆகாயத்தில் தொங்கவில்லை.

ஏடுபார்ப்பவன்

ஒரு சின்னத் திருத்தம், நீங்கள் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பெயரளவுவாதம் என்றதும் எல்லோரும் ஆக்கம் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் என்ற இங்கிலாந்துத் துறவியைப் பிடித்து 'வெறும் பெயர் என்றார், வெறும் சத்தம் என்றார்' என்று அடிக்கிறார்கள். வெறும் சத்தம் என்பது அவருக்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய ரோசலின் சொன்னதாக, அவரை எதிர்த்த அன்செல்ம் எழுதிவைத்த குற்றச்சாட்டு. 1347ல் இறந்த ஆக்கமுக்கு 'வேம்பு' போன்ற பொதுமை என்பது மனதில் இயல்பாகவே பல பொருள்களைச் சுட்டும் ஒரு குறி. அவரை எதிர்ப்பதானால் அதை எதிர்க்க வேண்டும்.

திண்ணைவாசி

ஒப்புக்கொள்கிறேன்.

இனி மாற்றம். இதுதான் வாசல், இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் அனுபவம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். தென் இத்தாலியில் எலேயா என்ற ஊரில் பர்மெனிதீஸ் என்று ஒருவர், கிறிஸ்துவுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்னே பின்னே. அவர் மாற்றம் என்பதே கிடையாது என்றார். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும், ஆனால் வாதத்தைப் பாருங்கள்: புதிதாக ஒன்று உண்டாகிறது என்றால் அது ஏற்கனவே இருந்ததிலிருந்து உண்டாக வேண்டும், அல்லது இல்லாததிலிருந்து உண்டாக வேண்டும். ஏற்கனவே இருந்தது என்றால் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. இல்லாததிலிருந்து என்றால், இல்லாதது எதையும் தராது. ஆகவே எதுவும் மாறவில்லை. நம் கண் ஏமாற்றுகிறது. முடிந்தது.

எங்கே ஓட்டை? ரொம்ப நாள் யாராலும் சரியாகக் கைவைக்க முடியவில்லை. அரிஸ்டாட்டில் 'இருக்கிறது, இல்லை' என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தார். நம் வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு. அது இன்னும் புளிக்கவில்லை. ஆனால் 'புளிப்பு அதில் இல்லை' என்று சொல்வதும், பக்கத்தில் இருக்கிற ஆற்றுமணல் வாளியில் 'புளிப்பு இல்லை' என்று சொல்வதும் ஒன்றா? மணல் எத்தனை ராத்திரி வைத்தாலும் புளிக்காது. மாவு காலையில் பாத்திரம் வழியப் பொங்கி நிற்கும். மாவில் உள்ள அந்த 'ஆகக்கூடியது' வெறும் இன்மை இல்லை, ஆகிவிட்ட இருப்பும் இல்லை. அந்த மாவின் நிஜமான ஒரு தன்மை அது. மாற்றம் என்பது ஆகக்கூடியது ஆவது. பர்மெனிதீஸின் இரண்டு கதவுக்கும் நடுவே இதுதான் மூன்றாவது கதவு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஊட்டிக் குளிரில் அதே மாவு அப்படியே கிடக்கும். ஆகக்கூடியது தன்னாலேயே ஆகிவிடாது, ஏற்கனவே 'ஆகி' இருக்கிற ஏதோ ஒன்று வந்து கைகொடுக்க வேண்டும், இங்கே வெதுவெதுப்பு, மாவில் வளரும் நுண்ணுயிர். இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அக்குவினாஸ் கடவுளுக்குப் போகிற பாதை இந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

பிசிக்ஸ்_வாத்தி

மாவு உதாரணம் நன்றாக இருக்கிறது, பசியும் எடுக்கிறது. ஆனால் ஒரு புதியவரிடம் பேசும்போது முழுக்கதையையும் சொல்ல வேண்டாமா? இந்த அரிஸ்டாட்டில்தான் கனமான பொருள் வேகமாக விழும் என்றவர், பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது, வானம் ஐந்தாம் பூதத்தால் ஆனது என்றவர், பெண்ணுக்கு ஆணைவிடப் பல் குறைவு என்று எழுதியவர். வீட்டில் யார் வாயையாவது திறந்து எண்ணியிருக்கலாம். கலிலியோவும் நியூட்டனும் வந்து இதையெல்லாம் மூட்டை கட்டி நானூறு வருஷம் ஆகப்போகிறது. ஆகக்கூடியது ஆவது என்றால் என்ன அளவு, என்ன யூனிட், எப்படி அளப்பது? நான் பள்ளியில் நிலையாற்றல், இயக்க ஆற்றல் நடத்துகிறேன். அங்கே எம்ஜிஹெச் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது?

திண்ணைவாசி

பல் விஷயத்தில் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். விழும் பொருள் விஷயத்திலும்.

ஆனால் சார், நீங்கள் நடத்துகிற 'எனர்ஜி' என்ற சொல்லே அரிஸ்டாட்டில் உண்டாக்கியது, எனெர்கேயா. வேடிக்கை என்னவென்றால் அவர் அதை 'ஆகிவிட்ட நிலை'க்கு வைத்தார். ஆகக்கூடிய நிலைக்கு அவர் சொன்ன சொல் துனாமிஸ், அதிலிருந்து உங்களுக்கு டைனமிக்ஸ் வந்தது. தமிழில் நாம் இரண்டுக்கும் ஆற்றல் ஆற்றல் என்று போட்டுக் குழம்புகிறோம். அதனால்தான் நான் 'ஆகக்கூடியது, ஆகியிருப்பது' என்று வீட்டுத் தமிழிலேயே எழுதினேன்.

யூனிட் கேட்டீர்கள். யூனிட் கிடையாது. ஏனென்றால் இது ஒரு மாற்றம் எவ்வளவு, எத்தனை வினாடியில் என்று கேட்கிற கேள்வியே இல்லை. எந்த மாற்றமானாலும், அது நடக்க முடிகிறதே, அதற்கு உலகம் எப்படி இருந்தாக வேண்டும் என்ற கேள்வி. நீங்கள் ஒரு சமன்பாட்டை எழுதும்போதே முன்நிலை, பின்நிலை, இரண்டிலும் தொடர்கிற ஏதோ ஒன்று என்று மூன்றை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். அரிஸ்டாட்டில் மாற்றத்துக்குத் தேவை என்று சொன்ன மூன்றும் அவைதான்.

நியூட்டனின் முதல் விதி மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அசைவது எதுவும் வேறொன்றால் அசைக்கப்படுகிறது என்பது இவர்கள் கட்சி. சீராகப் போய்க்கொண்டே இருக்கிற பொருளுக்குத் தள்ளுகிறவர் தேவையில்லை என்பது நியூட்டன். சீரான இயக்கம் ஒரு மாற்றமே இல்லை, ஓய்வைப் போல அதுவும் ஒரு நிலை என்று இந்த மரபுக்காரர்களில் சிலர் சமாளிக்கிறார்கள். எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. அரைக்கிணறு அவர்களே, இங்கே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிசிக்ஸ்_வாத்தி

இப்படி ஒப்புக்கொண்டால் எனக்குச் சண்டை போடவே மனம் வராது. ஆனாலும் விட மாட்டேன், பிறகு வருகிறேன். பேப்பர் திருத்த வேண்டும்.

ஏடுபார்ப்பவன்

தமிழில் இதெல்லாம் அந்நியம் என்று நினைக்கிறவர்களுக்காக இரண்டு விஷயம்.

சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு குடம் உதாரணம் மனப்பாடம்: மண் முதற்காரணம், தண்டசக்கரம், அதாவது கோலும் சக்கரமும், துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அரிஸ்டாட்டில் நான்கு சொல்கிறார். எதனால் ஆனது, என்னவாக ஆனது, யாரால் ஆனது, எதற்காக ஆனது. முதலாவது நம் மண், மூன்றாவது நம் குயவன். தண்டசக்கரத்தை அவர் தனியாக எண்ணவில்லை, குயவன் கணக்கிலேயே சேர்த்துவிடுவார். ஆனால் 'என்னவாக', 'எதற்காக' என்ற இரண்டையும் காரணம் என்றே எண்ணுகிறாரே, அங்கேதான் அவர் தனி. குடத்தின் குடத்தன்மையும், தண்ணீர் மொள்ள என்பதும், குடத்துக்குக் காரணங்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளிக்காரன் வந்து பொருள், குணம், கருமம், சாமானியம் என்று ஆறு பதார்த்தங்களை, அதாவது இருப்பவற்றின் வகைகளை, அடுக்குகிறானே, அந்த ஆறையும் அரிஸ்டாட்டிலின் பத்துப் பதார்த்தங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல பொழுதுபோக்கு. ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அந்த மாதிரிக் கட்டுரைகள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கின்றன.

இரண்டாவது, இது நேரடித் தொடர்பு. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி ஒரு சேசுசபைக்காரர், ஜெசுவிட் துறவி. அந்தச் சபையின் 1599ம் ஆண்டுப் பாடத்திட்டமே தத்துவத்துக்கு அரிஸ்டாட்டில், இறையியலுக்கு அக்குவினாஸ் என்று வகுத்தது. அதைப் படித்த மண்டையோடு வந்தவர் தமிழ் கற்று 'ஆத்தும நிர்ணயம்' என்று ஆன்மாவைப் பற்றி உரைநடையில் எழுதினார். நடை நமக்கு இன்று கரடுமுரடுதான், வடசொல் நெருக்கம் அதிகம். ஆனால் அக்குவினாஸ் பள்ளிக்கூடத்துச் சரக்கு தமிழில் பேசத் தொடங்கி நானூறு வருஷம் ஆகிறது.

லேத்பட்டறை

நான் படித்தது ஐடிஐ. நீங்கள் சொல்கிற 'எதற்காக' என்பதில் எனக்கு ஒரு நெருடல். நான் ஒரு புஷ் கடைந்தால் அது எதற்காக என்பது டிராயிங்கில் இருக்கிறது, கஸ்டமர் தலையில் இருக்கிறது, என் தலையில் இருக்கிறது. இரும்பின் தலையில் இல்லை. சரி. மரத்துக்கு 'எதற்காக' யார் வைத்தது?

இதைக் கேட்கக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் தோட்டத்து வேலிக்குப் பூவரசுப் போத்து வெட்டி ஊன்றினோம். முள்கம்பி கட்ட ஒரு கம்பம் வேண்டும், அவ்வளவுதான் எங்கள் நோக்கம். ஐப்பசி மழையில் பத்துப் போத்தில் ஏழு துளிர்த்துவிட்டது. இப்போது கம்பி மரத்துக்குள் புதைந்து கிடக்கிறது, பிடுங்க முடியவில்லை. நாங்கள் வைத்த நோக்கம் ஒன்று, அது பாட்டுக்குச் செய்தது இன்னொன்று. அப்போது அந்த இன்னொன்று யாருடைய நோக்கம்?

திண்ணைவாசி

நண்பரே, நீங்கள் இயற்பியல் நூலின் இரண்டாம் புத்தகம் முதல் அத்தியாயத்தைப் படிக்காமலே எழுதிவிட்டீர்கள். அங்கே அரிஸ்டாட்டில், அந்திபோன் என்பவர் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுகிறார்: ஒரு கட்டிலை மண்ணில் புதைத்து, அது மட்கி, அதற்கு முளைவிடும் சக்தி வந்தால், முளைப்பது கட்டிலாக இருக்காது, மரமாகத்தான் இருக்கும். கட்டில் என்பது மரத்தின் மேல் நாம் ஏற்றிய ஒன்று, மரம் என்பது அதற்கே உள்ளது. அந்திபோன் இதிலிருந்து அப்படியானால் மூலப்பொருள்தான் இயல்பு என்ற முடிவுக்குப் போனார். அரிஸ்டாட்டில் அந்த உதாரணத்தையே திருப்பிவிட்டார்: கட்டிலிலிருந்து கட்டில் பிறக்காது, ஆனால் மனிதனிலிருந்து மனிதன் பிறக்கிறான், ஆகவே 'என்னவாக' இருக்கிறது என்பதுதான் இன்னும் ஆழமான இயல்பு. உங்கள் வேலியில் கம்பம் துளிர்க்கவில்லை, பூவரசு துளிர்த்தது.

யாருடைய நோக்கம் என்று கேட்டீர்கள். அரிஸ்டாட்டிலைப் பொறுத்தவரை யாருடையதும் இல்லை. நோக்கம் என்றதும் ஒரு மனம் உட்கார்ந்து திட்டம் போடுவதாக நினைத்துக்கொள்கிறோம், தமிழ்ச்சொல்லின் குற்றம் அது. 'போக்கு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவரசுக்கு வேர்விட்டுத் துளிர்க்கிற போக்கு உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. வேலி என்பது வெளியிலிருந்து வந்தது. இந்த மரபு முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. அந்தப் போக்குக்கும் பின்னால் ஒரு மனம் வேண்டாமா என்று அக்குவினாஸ் கேட்பார், கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவர் தரும் ஐந்து வழிகளில் ஐந்தாம் வழி அதுதான், அது வேறு நாள் பஞ்சாயத்து.

பிசிக்ஸ்_வாத்தி

பேப்பர் முடிந்தது. போக்கு என்கிறீர்கள். நான் டார்வின் என்கிறேன். துளிர்க்கிற மரம் மிஞ்சியது, துளிர்க்காதது போய்விட்டது. 1859ல் அவர் நூல் வந்த பிறகு 'எதற்காக' என்ற கேள்விக்கே வேலை இல்லை. மிஞ்சியதைப் பார்த்துவிட்டு நாம்தான் அதற்குள் ஒரு போக்கைப் படிக்கிறோம்.

திண்ணைவாசி

இருதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது, லப்டப் என்று சத்தமும் போடுகிறது. இரண்டும் நிஜமாக நடப்பவை. எந்த டாக்டரும் சத்தம் போடுவதுதான் அதன் வேலை, தள்ளுவது பக்கவிளைவு என்று சொல்ல மாட்டார். 'வேலை' என்ற சொல்லை உயிரியலிலிருந்து எடுத்துவிட்டால் பெயிலியர் என்ற சொல்லும் சேர்ந்து போய்விடும், ஹார்ட் பெயிலியர் என்று எழுத முடியாது. நீங்கள் சொல்வது போல அந்த வேலை எப்படி வந்தது என்பதற்கு டார்வினின் இயற்கைத் தேர்வு விடை சொல்லலாம். வந்த பிறகு அது நிஜமான வேலையா, நம் பேச்சு வழக்கா? இதில் தத்துவக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், உங்கள் பக்கத்திலும் ஆள் பலம் உண்டு.

ஆனால் இதை உயிருள்ளவற்றோடு நிறுத்தாதீர்கள். உப்பு தண்ணீரில் கரைகிறது. இன்றைக்கு இந்தக் கல்லுப்பைக் கரைக்கவே இல்லை, டப்பாவில் கிடக்கிறது. அப்போதும் அது கரையக்கூடியதுதானே? ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி என்ன சொல்வார்: உப்பு போட்டோம், கரைந்தது, போட்டோம், கரைந்தது, இப்படி அடுத்தடுத்துப் பார்த்துப் பழகிய மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது, உப்பில் நாம் எந்த முடிச்சையும் பார்க்கவில்லை. மெய்ம்மைவாதி சொல்வார்: முடிச்சு உப்பில்தான் இருக்கிறது, அதனால்தான் அடுத்தடுத்து நடக்கிறது. வேதியியல் புத்தகம் சோடியம், குளோரைடு அயனி, நீர் மூலக்கூறின் முனைவு என்று விளக்கும்போது யார் பக்கம் நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அது உப்பு என்னவாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

பிசிக்ஸ்_வாத்தி

உப்பில் நீங்கள் ஜெயித்தது போலத்தான் தெரிகிறது. பூவரசில் இல்லை.

நெய்தல்நிலா

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. 'இயல்பு', 'வகை நிஜம்', 'உள்ளிருக்கும் போக்கு'. இந்த மண்ணில் பிறந்த ஒருத்திக்கு இந்தச் சொற்கள் எப்படிக் கேட்கும் என்று யோசித்தீர்களா? அரிஸ்டாட்டில் அரசியல் நூலின் முதல் புத்தகத்திலேயே சில மனிதர்கள் இயல்பிலேயே அடிமைகள் என்று எழுதினார். 1550ல் ஸ்பெயினில் வயதொலீதில் நடந்த விவாதத்தில் செபுல்வேதா என்ற அறிஞர் அதே வரியைத் தூக்கிக்கொண்டுதான் அமெரிக்கப் பழங்குடிகள் மேல் போர் நியாயம் என்று வாதாடினார். நம் பக்கம் வாருங்கள். நியாய வைசேடிகத்தில் பொதுமைக்கு இன்னொரு பெயர் என்ன தெரியுமா? ஜாதி. பசுவில் பசுத்தன்மை இருப்பது போலப் பிராமணனில் பிராமணத்தன்மை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, பெற்றோர் யார் என்று தெரிந்தால் கண்ணுக்கே தெரியும் என்று வேத மரபுத் தத்துவவாதி குமாரில பட்டர் வாதாடினார். பௌத்தர்கள் அப்படி ஒன்றும் இல்லை, வெறும் வழக்கு என்று மறுத்தார்கள். இந்தச் சண்டையில் நான் பெயரளவுவாதி. சந்தோஷமாக.

கடைசிபெஞ்ச்

இப்போதுதான் இழை சூடு பிடிக்கிறது.

திண்ணைவாசி

இதற்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை, ஒரு நாள் தள்ளி எழுதுகிறேன். நீங்கள் சொன்ன தகவல் எதையும் மறுக்க முடியாது. அடிமை விஷயத்தில் அரிஸ்டாட்டில் தவறு, பல் தவறைப் போலச் சிரித்துவிட்டுப் போகிற தவறும் இல்லை.

ஆனால் வயதொலீதின் மறுபக்கத்தையும் பாருங்கள். செபுல்வேதாவை எதிர்த்து நின்ற லாஸ் காசாஸ் ஒரு தொமினிக்கர், அதாவது அக்குவினாஸின் துறவு சபையைச் சேர்ந்தவர். அதற்கு முன்பே, 1539ல், சாலமங்காவில் இன்னொரு தொமினிக்கரான விதோரியா அந்த மக்களுக்குப் பகுத்தறிவு இருக்கிறது, ஊர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆகவே அந்த நிலத்துக்கு அவர்களே உண்மையான உரிமைக்காரர்கள் என்று பாடம் நடத்தினார். அவர் அதை எதை வைத்துச் சொன்னார்? மனித இயல்பு ஒன்றே, அது நிஜம் என்பதை வைத்து. அதே ஆயுதம்தான் இரண்டு பக்கமும்.

வகைகள் நிஜம் என்றால் நாம் பெயர் வைத்த ஒவ்வொன்றும் நிஜமான வகை என்று ஆகாது. எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மரபு சொல்கிற வழி, ஒன்று என்ன என்பதை அது செய்வதை வைத்துத்தான் அறிய முடியும். வேம்பு செய்வதைப் பூவரசு செய்யாது. ஒரு சாதியில் பிறந்தவரால் மட்டுமே முடிகிற, மற்றவரால் கற்றாலும் முடியாத செயல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கிடைக்காது. அப்படியானால் குமாரிலர் கண்ணால் பார்த்தது இயல்பை இல்லை, பதிவேட்டை. மூன்றாம் நூற்றாண்டில் போர்பிரி என்ற தத்துவவாதி எழுதிய தர்க்க அறிமுக நூலிலேயே தோல் நிறம் வெறும் ஏறியிருக்கும் தன்மை, அது போனாலும் மனிதன் மனிதன்தான் என்று வருகிறது, அதற்கு அவர் சொல்வது காக்கை வெள்ளையாக இருப்பதாகக் கற்பனை செய்தாலும் அது காக்கைதான் என்ற உதாரணம்.

எனக்கு ஒரு எதிர்க்கேள்வியும் உண்டு. 'மனிதர்' என்பதும் வெறும் வழக்குதான் என்றால், எல்லா மனிதரும் சமம் என்று நாம் எதைப் பற்றிச் சொல்கிறோம்?

நெய்தல்நிலா

நல்ல கேள்வி. பதில்: சமம் என்பது நாம் கண்டுபிடித்த உண்மை இல்லை, நாம் எடுத்த முடிவு, போராடி எடுத்த முடிவு. கண்டுபிடிப்பு என்று சொன்னால் நாளைக்கு ஒருவன் வந்து 'நான் வேறு கண்டுபிடித்தேன்' என்பான், வந்துகொண்டேதான் இருக்கிறான். ஆனால் 'செயலைக் காட்டு' என்ற சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது, அதைத் திருடிக்கொள்கிறேன்.

திண்ணைவாசி

முடிவு என்றால் அதையும் இன்னொரு முடிவால் மாற்றலாமே என்ற பயம் எனக்கு. ஆனால் இதை இங்கேயே தீர்க்கப் போவதில்லை, தனி இழை போடுங்கள், கட்டாயம் வருகிறேன்.

கடைசிபெஞ்ச்

என் சந்தேகம் சின்னது. இவ்வளவும் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கடவுளைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறீர்கள், அதுதானே? எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே உலகத்துக்கும் காரணம் உண்டு, அவர்தான் கடவுள். உடனே நான் கடவுளுக்கு யார் காரணம் என்பேன். ஆட்டம் முடிந்தது.

திண்ணைவாசி

அந்த 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்ற வரியை அக்குவினாஸ் எங்கேயும் எழுதவில்லை. ஆகக்கூடியதாக மட்டும் இருப்பது ஆவதற்கு, ஏற்கனவே ஆகியிருக்கிற ஒன்று வேண்டும் என்பதுதான் அவர் வைக்கும் வரி. மாவு, வெதுவெதுப்பு ஞாபகம் இருக்கட்டும். ஆகக்கூடியது எதுவுமே மிச்சமில்லாத ஒன்று இருந்தால் அதற்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்பார். இதை நீங்கள் ஏற்க வேண்டாம், ஆனால் அடிப்பதானால் இதை அடியுங்கள்.

எல்லோரும் தவறவிடுகிற இன்னொன்று: அவர் காலத்தில் பின்னோக்கிப் போகவில்லை. தாத்தா, அப்பா, மகன் என்ற வரிசை முடிவில்லாமல் பின்னே போகலாம், தாத்தா இறந்துவிட்டாலும் அப்பாவால் பிள்ளை பெற முடியும். உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதைத் தத்துவத்தால் நிரூபிக்க முடியாது, அது நம்பிக்கையால் ஏற்பது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தவர் அவர். அவர் பேசுவது கை கோலைத் தள்ள, கோல் கல்லைத் தள்ளுகிற வரிசை. இதில் கை நின்ற நொடியே கோலும் கல்லும் நின்றுவிடும். இந்த மாதிரி வரிசையில்தான் முதல் ஒன்று வேண்டும் என்கிறார்.

இதைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் படிக்கலாம், படிக்கிறார்கள். இங்கிலாந்துத் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் நாத்திகர், 2001ல் வந்த அவருடைய ஒழுக்கவியல் நூல் முழுக்க 'ஓநாய்க்கு எது நல்லது, மரவேருக்கு எது நல்லது' என்ற ரகத்தில்தான் மனிதருக்கு எது நல்லது என்பதற்குப் போகிறது.

அரைக்கிணறு

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். எங்கே தொடங்குவது என்ற என் மூன்றாம் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் தரவில்லை!

ஏடுபார்ப்பவன்

அரிஸ்டாட்டிலின் மெட்டாபிசிக்ஸில் தொடங்காதீர்கள். இப்னு சீனா என்ற பாரசீகத் தத்துவவாதி அவ்வளவு பெரிய மேதை, தன் வரலாற்றில் எழுதுகிறார், அந்த நூலை நாற்பது தடவை படித்து மனப்பாடமே ஆகியும் ஒரு மண்ணும் புரியவில்லையாம். இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். ஒரு நாள் மாலை புத்தகக் கடைத்தெருவில் ஒருவன் ஒரு சின்னப் புத்தகத்தை வாங்கச் சொல்லி நச்சரிக்க, வேண்டாவெறுப்பாக மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கினால், அது அந்த நூலின் நோக்கம் பற்றி அவருக்கு முந்தைய தத்துவவாதி அல் பாராபி எழுதியது. வீட்டுக்குப் போய்ப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது, மறுநாள் ஏழைகளுக்குத் தர்மம் கொடுத்தாராம். நாற்பது தடவை படிக்கிற பொறுமை நமக்கு இல்லை, ஆகவே சுற்றுவழிதான்.

திண்ணைவாசி

என் வரிசை இது, வேறு யாராவது வேறு சொல்லலாம். முதலில் அக்குவினாஸ் இளவயதில் எழுதிய 'இயற்கையின் தத்துவங்கள்', ரொம்பச் சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆகக்கூடியது ஆகியிருப்பது நான்கு காரணம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. அப்புறம் அரிஸ்டாட்டிலின் இயற்பியல், இரண்டாம் புத்தகம் மட்டும். மற்றப் புத்தகங்களைத் திறக்காதீர்கள், திறந்தால் வாத்தியார் சார் சொன்ன பூதங்கள் வந்து பிடிக்கும். அதற்குப் பிறகு அக்குவினாஸின் 'இருப்பும் சாரமும்'. அதில் ஓர் இடத்தில் ஃபீனிக்ஸ் பறவை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அது இருக்கிறதா என்று தெரியாது, ஆகவே என்ன என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு என்பார். நீங்கள் ஃபீனிக்ஸுக்குப் பதில் யாளி என்று போட்டுக்கொள்ளுங்கள், கோயில் தூணிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் எத்தனை நாள் நின்றாலும் தகும்.

அவசரமாக ஐந்து வழிகளைத் தேடிப் போகாதீர்கள். அது அக்குவினாஸின் 'சும்மா தியோலஜியே' என்ற பெரிய நூலில் ஒரே ஒரு பகுதி, மாணவர்களுக்காகச் சுருக்கி எழுதியது. முன்கதை தெரியாமல் படித்தால் கடைசிபெஞ்ச் மாதிரிதான் படிக்க வரும்.

கடைசிபெஞ்ச்

நான் இங்கேதான் இருக்கிறேன்.

அரைக்கிணறு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சின்ன நூல் முடிந்தது, ஞாயிறு ஒன்று போதவில்லை, நான்கு பிடித்தது. இரண்டாம் புத்தகத்தில் கட்டில் வருகிற இடத்தில் நிற்கிறேன். வீட்டில் ஒரு பழைய அரிவாள்மணை, பாட்டியுடையது, மழையில் கிடந்து துருவேறிவிட்டது. அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம். இந்தத் துரு அரிவாள்மணைக்கு நடந்ததா, இரும்புக்கு நடந்ததா?

லேத்பட்டறை

இரும்புக்கு. மழுங்கியிருந்தால் அது அரிவாள்மணைக்கு. தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

திண்ணைவாசி

நான் இரண்டு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

பிசிக்ஸ்_வாத்தி

துரு என்றால் ஆக்சிஜனேற்றம், நீரேறிய அயர்ன் ஆக்சைடு. அதற்கு யூனிட் உண்டு. ஆனால் மழுங்குவது என்ற சொல்லை என் புத்தகத்தில் எங்கே போடுவது என்று யோசிக்கிறேன். நாளைக்கு வருகிறேன்.